பயணத்தில் பாடம்: புத்தகத்தை மூடி வைத்து 15 நிமிடம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகன் 4-ஆம் வகுப்பு, மகள் 8-ஆம் வகுப்பு. பருவத்தின் நடுவில் 12 நாள் குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம். பள்ளியில் விடுப்பு கிடைத்துவிட்டது. கூடவே ஒரு கட்டு ஒர்க்‌ஷீட்டும் கிடைத்திருக்கிறது. போன முறை அந்தக் கட்டோடு போய், தினமும் ராத்திரி அழுகையும் திட்டுமாகவே கழிந்தது. இந்த முறை எல்லாவற்றையும் முடிக்க வைப்பதா, வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 22 ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். எனக்கும் இரண்டு பெண்கள். இந்தக் கேள்வியை ஆசிரியராக இருந்து கேட்டதும் உண்டு, அம்மாவாக இருந்து பட்டதும் உண்டு. என் பதில் இது: எழுதி ஒப்படைக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பயணத்தில் ஒரு நாளைக்குச் சின்னவனுக்கு 15 நிமிடம், பெரியவளுக்கு 30 நிமிடம், காலையில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு. திரும்பி வந்ததும் பள்ளி தொடங்குவதற்கு முன் ஒரு முழு நாள் வீட்டில். திட்டம் இவ்வளவுதான். ஆனால் காரணம் புரியாமல் நேரத்தை மட்டும் குறைத்தால், மூன்றாம் நாளே மனசு பதறி மறுபடி அந்தக் கட்டைப் பிரிக்கத் தோன்றும். அதனால் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெற்றோரின் பயம் ஒன்றுதான்: படித்தது எல்லாம் மறந்துவிடும். மறக்கும், உண்மைதான். எவ்வளவு மறக்கும், எது மறக்கும் என்பதுதான் விஷயம். எப்பிங்காஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் இந்தப் பேச்சின் அடித்தளம். பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, சில நாள் விட்டு மறுபடி அதையே மனப்பாடம் செய்தார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரே நாள் இடைவெளியில் மிச்சம் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. ஆனால் 31 நாள் கழித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. மறதி முதலில் வேகமாக வருகிறது, பிறகு மெதுவாகிவிடுகிறது. இன்னொன்று, அடியோடு போய்விட்டது என்று நாம் நினைப்பதுகூட உள்ளே எங்கோ கொஞ்சம் தங்கியிருக்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போது சீக்கிரம் ஏறுகிறது. இத்தனைக்கும் அவர் எடுத்துக்கொண்டது அர்த்தமில்லாத அசைகள். புரிந்து படித்த பாடம் இவ்வளவு வேகமாகக் கழன்றுபோகாது.

எது அதிகம் மறக்கும் என்பதற்கு வேறொரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1996-இல், நீண்ட கோடை விடுமுறைக்கு முன்னும் பின்னும் நடத்திய தேர்வுகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னடைவு தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் இந்த அளவைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அளவு அல்ல, எந்தப் பகுதி என்பதுதான். வாசிப்பை விடக் கணக்குதான் அதிகம் நழுவியது. அதிலும் கூட்டல், கழித்தல், வகுத்தல் போன்ற செயல்முறைகள். மொழியில் எழுத்துப்பிழை. அதாவது பழக்கத்தால் கைக்கு வருகிற விஷயங்கள். புரிந்துகொண்ட கருத்துகள் அந்த அளவுக்கு நழுவவில்லை. அதுவும் மாதக்கணக்கில் நீளும் விடுமுறையில். உங்கள் பயணமோ 12 நாள்.

இதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் விடுப்பில் போய் வந்த ஒரு பையன். போவதற்கு முன் நீள்வகுத்தலில் கெட்டிக்காரன். வந்த அன்று 3624-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னேன். 36-இல் 6 ஆறு முறை, சரி. அடுத்து 2-ஐ இறக்கினான். 2-இல் 6 போகாது. அந்த இடத்தில் ஒரு கணம் நின்றான். உடனே 4-ஐயும் இறக்கி 24 ஆக்கி, நான்கு முறை என்று எழுதி, 64 என்று விடை போட்டுவிட்டான். நடுவில் போட வேண்டிய பூஜ்யம் போயிற்று. வகுத்தல் என்றால் என்ன என்பது அவனுக்கு மறக்கவில்லை. '64-ஐ 6-ஆல் பெருக்கிப் பார்' என்றதும் தலையில் கையை வைத்துக்கொண்டு தானே 604 என்று திருத்தினான். நழுவியது அந்த ஒரு சின்ன அடி மட்டும்தான். தினமும் ஒரு கணக்கு போட்டிருந்தால் அதுவும் நழுவியிருக்காது. 40 கணக்கு தேவையே இல்லை.

ஆக, பள்ளி கொடுத்த கட்டை அப்படியே ஒரே பொருளாகப் பார்க்காதீர்கள். இன்று ராத்திரி தரையில் பரப்பி வைத்துப் பிரியுங்கள். எழுதி நிரப்பும் வேலை ஒரு பக்கம்: கேள்வி-பதில் எழுதுவது, படம் வரைந்து பாகம் குறிப்பது, ப்ராஜெக்ட், அட்டை ஒட்டுவது. கைப்பழக்கம் ஒரு பக்கம்: வாய்ப்பாடு, வகுத்தல், பின்னம், சொல்வதெழுதல், இலக்கணப் பயிற்சி. நீங்கள் இல்லாத நாட்களில் வகுப்பில் நடத்தப்போகும் புதுப்பாடம் இன்னொரு பக்கம். முதல் குவியல் கிளம்பும் முன்பே முடிய வேண்டும். இரண்டாவது மட்டும் பெட்டிக்குள் போகட்டும். மூன்றாவது திரும்பி வந்த பிறகு. பயணத்தில் புதுப்பாடம் கற்பிக்கப் பெற்றோர் முயல்வதை நான் சுத்தமாக ஆதரிப்பதில்லை. பாதி புரிந்து, தப்பாகப் பழகி வந்த பிள்ளைக்கு மறுபடி நடத்துவது, ஒன்றும் தெரியாமல் வந்த பிள்ளைக்கு நடத்துவதை விடக் கடினம்.

இந்தப் பிரிப்பை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மூத்த மகளோடு போன ஒரு பயணம். அப்போது அவள் 6-ஆம் வகுப்பு. ஏழு புத்தகமும் அத்தனை நோட்டும் கட்டி எடுத்துப் போனேன். மூன்றாம் நாள் இரவு பத்து மணி. நாள் முழுக்க நடந்து கால் ஓய்ந்த பிள்ளையை உட்கார வைத்து, சமூக அறிவியல் கேள்வி-பதில் எழுத வைத்தேன். நான்கு பக்கம் எழுதினாள். இடையில் இரண்டு முறை அழுதாள், ஒரு முறை நான் கத்தினேன். மறுநாள் காலை அந்த நான்கு பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவளுக்கு விடை தெரியவில்லை. புத்தகத்தில் இருந்ததை நோட்டுக்கு மாற்றியிருக்கிறாள். இடையில் அது மூளை வழியாகப் போகவே இல்லை. அந்த இரவை அவள் இன்னும் மறக்கவில்லை, பாடத்தைத்தான் மறந்துவிட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆசிரியரிடம் பேசுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பெற்றோர் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வாசலில் நின்றபடி, 'டீச்சர், என்னவெல்லாம் விட்டுப்போகும்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்களால் ஒரு கட்டுத் தாளைத்தான் கொடுக்க முடியும். பத்து நாளாவது முன்கூட்டியே போய் இப்படிக் கேளுங்கள்: 'இந்த 12 நாளில் வகுப்பில் நடக்கப்போவதில், தெரியாவிட்டால் அடுத்த பாடமே புரியாது என்று நீங்கள் நினைப்பது எது?' பெரும்பாலும் பாடத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு விஷயம்தான் வரும். அடுத்து, 'இந்த ஒர்க்‌ஷீட்டில் எதற்கு மதிப்பெண் உண்டு, எது பயிற்சிக்கு மட்டும்?' பயிற்சிக்கு மட்டும் என்று சொல்லும் தாள்களில், 'ஒன்று விட்டு ஒரு கணக்கு போடட்டுமா?' என்று தைரியமாகக் கேளுங்கள். நான் ஒருபோதும் மறுத்ததில்லை. கடைசியாக, அந்த நாட்களில் தேர்வு ஏதும் வருகிறதா, வந்தால் திரும்பி வந்து எந்தத் தேதியில் எழுதலாம் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பள்ளி பரபரப்பில் மறந்துபோகும். அப்புறம் சங்கடப்படுவது பிள்ளைதான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் தினமும் அரைமணி கூடுதலாக உட்கார வைத்தால் முதல் குவியல் தீர்ந்துவிடும். பயணம் போகிற உற்சாகத்தில் இருக்கும் பிள்ளை அந்த வாரத்தில் வேலையை முகம் சுளிக்காமல் செய்யும். அதையே ஊருக்குப் போய்ச் செய்யச் சொன்னால் செய்யாது.

இனி அந்த 15 நிமிடம்.

ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் செய்த ஒரு சோதனையை நான் எல்லாப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிடுவேன். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளை மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: மூடி வைத்து எழுதியவர்கள் 56 சதவீதம், மறுபடி படித்தவர்கள் 42 சதவீதம். நினைவிலிருந்து வெளியே எடுப்பதே படிப்பு என்பதை இதை விடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பயணத்தில் இது நமக்கு எவ்வளவு வசதி, பாருங்கள். புத்தகமே வேண்டாம். ஒரு வெற்றுத்தாள், ஒரு பென்சில் போதும்.

என் இளைய மகள் 5-ஆம் வகுப்பில் இருந்தபோது செய்தது இது. காலையில் எழுந்து முகம் கழுவி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு தாளைக் கொடுத்து, 'பின்னத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுது' என்றேன். வட்டம் வரைந்து நான்காகப் பிரித்தாள், தொகுதி, பகுதி என்று எழுதினாள். கடைசியில் தானாகவே ஒரு கூட்டல் போட்டாள்: 1/2 + 1/3 = 2/5. நான் தப்பு என்று சொல்லவில்லை. தாளிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுத்து, அரையை மடித்துக் காட்டச் சொன்னேன். மடித்தாள். 'இப்போது 2/5 எங்கே வரும்?' விரலால் அளந்து ஐந்தாகப் பிரித்து, இரண்டாவது கோட்டில் நிறுத்தினாள். அது பாதிக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அரையோட இன்னும் சேர்த்திருக்கேன், எப்படிம்மா அரையை விடக் குறையும்?' என்று அவளே கேட்டாள். பிறகு பகுதியைச் சமமாக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, 3/6 + 2/6 என்று மாற்றி 5/6 போட்டாள். மொத்தம் 12 நிமிடம். புத்தகம் திறந்திருந்தால் மாதிரிக் கணக்கைப் பார்த்து முதல் முறையே 5/6 என்று எழுதியிருப்பாள். அந்தத் தவறான எண்ணம் உள்ளேயே இருந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்காது.

தினமும் வெற்றுத்தாள் என்றால் சலிப்புத் தட்டும். அதனால் ஒன்று விட்டு ஒரு நாள் ஐந்து கேள்விச் சீட்டு. சின்னவனுக்கு இப்படி இருக்கலாம்: நடுவில் பூஜ்யம் வருகிற ஒரு வகுத்தல், 5002-இலிருந்து 1378-ஐக் கழிப்பது போல இரண்டு பூஜ்யம் தாண்டிக் கடன் வாங்கும் ஒரு கழித்தல், வாய்ப்பாட்டில் 7, 8 இரண்டிலும் நடுவிலிருந்து கலைத்துக் கேட்கும் நாலைந்து, ஒரு வாக்கியக் கணக்கு, கடைசியில் சொல்வதெழுதல். சொல்வதெழுதலுக்கு நம் மொழியில் கேள்வி தேடி அலையவே வேண்டாம். மனம்-மணம், அரம்-அறம், வாலை-வாளை-வாழை. ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள், எந்த எழுத்து என்று அவனே முடிவு செய்யட்டும். ஐந்தும் ஐந்து வகையாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரே வகைக் கணக்கை வரிசையாக இருபது போட்டால் கை தானாக ஓடும், எந்த முறையைப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. கலந்து கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நின்று யோசிக்க வேண்டும்; தேர்வில் தேவைப்படுவது அந்த யோசனைதான். இந்தச் சீட்டுகளைக் கிளம்பும் முன்பே எழுதி, விடையைப் பின்பக்கம் குறித்து, ஒரு உறையில் போட்டு வையுங்கள். அங்கே போய் 'இன்றைக்கு என்ன கேட்கலாம்' என்று தேட ஆரம்பித்தால் நான்காம் நாளில் நின்றுபோகும்.

12 நாளும் 15 நிமிடம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரம். அதே மூன்று மணி நேரத்தைக் கடைசி நாளில் மொத்தமாக உட்கார வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதே பலன் வராது. இடைவெளி விட்டுச் செய்வது ஒரே மூச்சில் செய்வதை விட நன்றாக நிற்கும் என்பதையும் அந்த எப்பிங்காஸ்தான் முதலில் அளந்து காட்டினார். அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான சோதனைகள் அதையே உறுதி செய்திருக்கின்றன. ஓரிரு நாள் தவறினாலும் பரவாயில்லை. 12-இல் 8 நாள் நடந்தாலே நான் நிம்மதியாக இருப்பேன்.

எப்போது? காலையில், வெளியே கிளம்பும் முன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சாயங்காலம் என்று வைத்தால், நாள் முழுக்க 'திரும்பிப் போய்ப் படிக்கணும்' என்ற நினைப்பு பிள்ளையின் தலைமேல் தொங்கும், உங்களுக்கும்தான். காலையில் முடித்துவிட்டால் மீதி நாள் முழுக்க அவர்களுடையது, அதற்குப் பிறகு படிப்பு என்ற வார்த்தையே எடுக்கக் கூடாது. ஆனால் காலை என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. படித்தது மூளையில் படிவதற்கே தூக்கம் தேவை. ராத்திரி தாமதமாகப் படுத்தால் காலையில் தாமதமாக எழட்டும், 15 நிமிடத்தை 10 ஆக்கிக்கொள்ளுங்கள். நேர மண்டலம் மாறும் தூரப் பயணம் என்றால் முதல் இரண்டு மூன்று நாள் பாடமே வேண்டாம். உடம்பு ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் பழகும்.

வண்டியில் போகும்போது எழுத வைக்கலாமே என்று தோன்றும். காரிலும் பஸ்ஸிலும் வேண்டாம். கண் தாளில் நிலையாக இருக்கும், உள்காதோ உடம்பு அசைவதாகச் சொல்லும்; இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. 2 முதல் 12 வயதுவரை இது அதிகம். அந்த நேரத்துக்கு வாய்க்கணக்கு, விடுகதை, காதால் கேட்கும் கதை இவை போதும். வாய்ப்பாட்டைக் கலைத்துக் கேட்பதற்கு நீண்ட சாலையை விட நல்ல இடம் இல்லை. பெரியவள் கேட்க, சின்னவன் பதில் சொல்ல, மூன்று தப்பினால் முறை மாறட்டும்.

மகளைப் பற்றி. 13 வயதுப் பிள்ளையிடம் 15 நிமிடச் சீட்டை நீட்டினால் அவளுக்கு அது அவமானமாகப் படும். அவளிடம் திட்டத்தையே கொடுத்துவிடுங்கள். 'இந்த 12 நாளில் எந்த மூன்று விஷயத்தை நழுவ விடாமல் பார்த்துக்கொள்ளப் போகிறாய்?' என்று கேளுங்கள். அவளே எழுதட்டும், அவளே நேரம் குறிக்கட்டும். நீங்கள் தினமும் விசாரிக்க வேண்டாம், நான்கு நாளுக்கு ஒரு முறை பேசினால் போதும். 8-ஆம் வகுப்பில் நழுவும் இடம் இயற்கணிதம்தான். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் எண்ணால் உள்ளே இருக்கும் முதல் உறுப்பை மட்டும் பெருக்கிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது, சமக்குறியைத் தாண்டும்போது குறியை மாற்ற மறப்பது. தினமும் இரண்டு சமன்பாடு போட்டு, கிடைத்த விடையை மறுபடி சமன்பாட்டிலேயே வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தானே சரிபார்க்கத் தெரிந்தவளுக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. அறிவியலுக்கு வெற்றுத்தாள் முறையே நன்றாக வரும்: ஒரு பாடத் தலைப்பு, 10 நிமிடம், நினைவில் உள்ளது எல்லாம், பிறகு புத்தகத்தைப் பார்த்து விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர்ப்பது.

புத்தகத்தைத் தூக்கிப் போக வேண்டாம், தேவைப்படும் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும். பள்ளி கூகுள் கிளாஸ்ரூம் போன்ற ஒன்றைப் பயன்படுத்தினால், கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் இறக்கி இணையம் இல்லாமல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒப்படைக்க வேண்டிய கெடுத் தேதி எது நடுவில் வருகிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வகுப்புத் தோழி வாட்ஸ்ஆப்பில் தினமும் நோட்டுப் படம் அனுப்புவது நல்ல உதவி மாதிரித் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தினமும் வந்து விழும் படங்கள் 'எவ்வளவு விட்டுப்போகிறது பார்' என்று பயமுறுத்தத்தான் பயன்படும். கடைசி நாள் மொத்தமாக அனுப்பச் சொன்னால் போதும்.

வாசிப்புக்கு நேரம் குறிக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு கதைப் புத்தகம், அவர்களே தேர்ந்தெடுத்தது, தூங்கும் முன் படிக்கிற இடத்தில் இருந்தால் தானாக நடக்கும். படக்கதை என்றாலும் சரி, ஏற்கெனவே படித்ததே என்றாலும் சரி.

பயணமே பெரிய பாடம், பார்க்கிற இடத்தை எல்லாம் பாடமாக்கலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பாதிதான் ஏற்றுக்கொள்வேன். கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் 'இது எந்த நூற்றாண்டு, சொல்லு' என்றால் அதற்குக் கோட்டையும் கசக்கும், நூற்றாண்டும் கசக்கும். உண்மையில் உங்களுக்குத் தேவைப்படும் கணக்கை மட்டும் கொடுங்கள். இன்னும் 150 கிலோமீட்டர் இருக்கிறது, மணிக்கு 60-இல் போகிறோம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்? நாலு பேருக்கு டிக்கெட் எவ்வளவு ஆகும், கையில் இருப்பது போதுமா? விடை சரியாக இருந்தால் அதன்படியே நடந்துகொள்ளுங்கள். தன் கணக்கை நம்பி வீடே ஒரு முடிவெடுத்தது என்பதைப் பிள்ளை வெகுநாள் நினைவில் வைத்திருக்கும். பயண நாட்குறிப்பு எழுதச் சொல்வதையும் கட்டாயமாக்காதீர்கள். எழுத ஆசைப்படும் பிள்ளை எழுதட்டும். மற்றப் பிள்ளை வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்கோ நண்பனுக்கோ ஐந்து வரி எழுதட்டும். படிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்றால்தான் எழுத்து வரும்.

அப்படியும் ஒரு நாள் முரண்டு பிடிப்பான். முதல் கேள்விக்கே பென்சிலை எறிவான். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை வாயாலேயே கேட்டு, சொன்னதும் எழுந்து போக விடுங்கள். பழக்கம் அறுபடாமல் இருக்க அது போதும். காய்ச்சல், வயிற்றுக் கோளாறு, தூக்கம் கெட்ட ராத்திரிக்கு மறுநாள், இவற்றில் அதுவும் வேண்டாம். பாட நேரத்தைத் தண்டனையாகவும் ஆக்காதீர்கள்; 'சேட்டை பண்ணினாய், இன்னும் ரெண்டு பக்கம் எழுது' என்ற ஒரு வாக்கியம் பத்து நாள் முயற்சியைக் கெடுத்துவிடும். அப்பா, அம்மா இருவரில் யாருக்குப் பொறுமை அதிகமோ அவரே உட்காரட்டும். எங்கள் வீட்டில் அது என் கணவர்தான், கணக்கு ஆசிரியர் நான் என்றாலும்.

ஒரு விதிவிலக்கு. பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் பொருந்தாது. அந்த ஆண்டில் பருவத்தின் நடுவே 12 நாள் என்றால், முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அந்தக் கவலை இல்லை.

திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஞாயிறு நள்ளிரவு வீட்டுக்கு வந்து திங்கள் காலை பள்ளிக்கு அனுப்பிவிட்டு, 'லீவு போட்டதால் பின்தங்கிவிட்டான்' என்று வருந்துவார்கள். பின்தங்கியது லீவால் அல்ல, அந்தத் தூக்கமில்லாத திங்களால். ஒரு நாள் முன்பே வந்துவிடுங்கள். அன்று தோழி அனுப்பும் நோட்டுப் படங்களைப் பார்த்து, விட்டுப்போன பாடங்களின் தலைப்பை மட்டும் ஒரு தாளில் இருவரும் எழுதட்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே ஒரு சின்னக் குறி: கேட்டால் சொல்வேன், கொஞ்சம் தெரியும், ஒன்றும் தெரியாது. விட்டுப்போன நோட்டை முதல் நாளே முழுக்க எழுதி முடிக்க வைக்காதீர்கள். வாரக் கடைசி வரை நேரம் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது குறி போட்ட தலைப்புகளை மட்டும் முதல் மூன்று நாளில் ஆசிரியரிடம் பிள்ளையே போய்க் கேட்கட்டும். இடைவேளையில் ஐந்து நிமிடம் போதும். அந்தத் தாளை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி அனுப்புங்கள். எதைச் சொல்லித்தர வேண்டும் என்று எழுதிக்கொண்டு வரும் பிள்ளைக்கு நான் சாப்பாட்டு நேரத்தில்கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.